நாலு துளைக்குப் பின்னால்: நுண்துளை அறுவைக்கு ஒரு நேர்மையான மதிப்பீடு

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே செய்யும் அறுவைதான் லேப்ராஸ்கோப்பி. அது முடிந்து வீட்டுக்கு வருபவரின் வயிற்றில் நாலு சின்னப் பிளாஸ்திரிகள் இருக்கும். வெளியே தெரிவது அவ்வளவுதான். பலரும் அந்தப் பிளாஸ்திரிகளைப் பார்த்தே சிகிச்சை நன்றாக நடந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எங்கள் அளவுகோல் வேறு. வயிற்றைத் திறந்து செய்திருந்தால் எந்த உறுப்பை எந்த எல்லையில் வெட்டியிருப்பார்களோ, துளை வழியாகவும் அதே எல்லையில் வெட்டினார்களா? திறந்து பார்த்தால் தெரிந்திருக்கும் நோய் கேமராவிலும் தெரிந்ததா? இந்த இரண்டு கேள்விகளை வைத்துப் பார்த்தால் நுண்துளை முறைக்குச் சில நோய்களில் தாராளமாக முழு மதிப்பெண் கொடுக்கலாம். சிலவற்றில் பாதிதான் கொடுக்க முடியும். ஓரிடத்திலாவது அது உயிருக்கே நஷ்டம் என்று ஆய்வு காட்டியிருக்கிறது.

கிடைக்கும் நன்மைகளில் சந்தேகம் இல்லை. தசையைக் கிழிக்காததால் வலி குறைகிறது, ஆழ்ந்து மூச்சிழுத்து இரும முடிகிறது, நுரையீரலில் சளி தேங்குவதில்லை, குடல் சீக்கிரம் அசையத் தொடங்குகிறது, காயத்தில் சீழ் பிடிப்பது குறைகிறது. பித்தப்பை எடுத்தவர் பெரும்பாலும் மறுநாளே வீடு திரும்புகிறார், சிலர் அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். இந்த லாபங்கள் எல்லாம் வயிற்றுச் சுவரில் கிடைப்பவை. சுவருக்கு உள்ளே இருக்கும் அபாயம் அப்படியேதான் இருக்கிறது, சில இடங்களில் புதிதாகவும் சேர்கிறது.

முதல் துளை

மொத்த அறுவையிலும் கண்ணால் பார்க்காமல் செய்யும் வேலை முதல் துளைதான். மற்ற துளைகளைக் கேமராவில் பார்த்துக்கொண்டே போடலாம். முதல் துளை போடும்போது கேமரா இன்னும் உள்ளே போயிருக்காது. நுழையும்போதே குடலிலோ பெரிய ரத்தக்குழாயிலோ காயம் படுவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கிறது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் தொப்புளுக்கு நேர் பின்னால் முதுகெலும்பின் மேல் மகாதமனி இரண்டாகப் பிரிகிறது. ஒல்லியான உடம்பில் தோலுக்கும் அதற்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான் இடைவெளி.

நுழைய இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது வெரஸ் ஊசி. 1938-இல் யானோஷ் வெரஸ் காசநோயாளிகளின் நுரையீரலைச் சுற்றிக் காற்றேற்ற விவரித்த ஊசிதான் இன்றும் வயிற்றுக்குப் பயன்படுகிறது. வெளிக்குழல் கூர்மையாக இருக்கும், உள்ளே ஸ்பிரிங்கில் ஒரு மழுங்கிய குச்சி இருக்கும். எதிர்ப்பு உள்ளவரை குச்சி பின்வாங்கி நிற்கும், வெற்றிடம் வந்ததும் டக்கென்று முன்னே வந்து கூர்முனையை மூடிவிடும். தொப்புளில் தசையுறைக்கு ஒரு 'டக்', வயிற்றறை உறைக்கு இன்னொன்று. ஊசி உள்ளே போனதும் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க, அதைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். முனை குடலுக்குள் இருந்தால் 1.6 மி.மீ. குத்து ஒரு சென்டிமீட்டர் கிழிசலாகிவிடலாம். ஊசியில் விட்ட உப்புநீர்ச் சொட்டு தானே உள்ளே இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையைவிட நம்பகமான சாட்சி, வயிற்றுக்குள் வாயு ஏற்றும் கருவியான இன்சஃப்ளேட்டரின் திரையில் இருக்கிறது. வாயு திறந்ததும் காட்டும் அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்து, வாயு தங்குதடையின்றி ஓடினால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. அழுத்தம் எகிறி ஓட்டம் நின்றால் முனை வயிற்றுச் சுவருக்குள்ளோ கொழுப்புப் படலத்திலோ சிக்கியிருக்கிறது. அப்போது மேலும் தள்ளாமல் வெளியே எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, 1971-இல் ஹேரித் ஹாசன் சொன்ன திறந்த முறை. சிறிதாக வெட்டி, தசையுறையைப் பிடித்துத் தூக்கித் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு மழுங்கிய குழலைச் செருகுவார்கள். ரத்தக்குழாய்க் காயம் இதில் மிக அரிது. குடல் காயம் முற்றிலும் ஒழியவில்லை, ஆனால் பட்டால் அங்கேயே கண்ணில் பட வாய்ப்பு அதிகம். எந்த முறை சிறந்தது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. எங்களைக் கேட்டால், அந்த மருத்துவர் தினமும் செய்யும் முறையே அவர் கையில் பாதுகாப்பானது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நடுவயிற்றில் பழைய நீளத் தழும்பு உள்ளவர்களில் பாதிப் பேர் வரை தொப்புளருகே குடலோ கொழுப்புப் படலமோ ஒட்டியிருக்கக்கூடும். அவர்களுக்குத் தொப்புள் வழியே கண்மூடி ஊசி போடுவது சூதாட்டம். இடது விலா விளிம்புக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே, காறையெலும்பின் நடுக்கோட்டில் இருக்கும் பாமர் புள்ளியில் நுழைய வேண்டும். அதற்கு முன் மூக்குக் குழாய் போட்டு இரைப்பையைக் காலி செய்திருக்க வேண்டும், மண்ணீரல் வீங்கியிருக்கக் கூடாது. தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பதும் நுழைந்த பிறகுதான். முன்பே தாழ்த்தினால் தமனிப் பிரிவு ஊசியின் பாதைக்கு நெருங்கி வந்துவிடும்.

வாயு, ஒளி, மின்சாரம்

வயிற்றை உப்ப வைக்கக் கார்பன் டை ஆக்சைடைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது எரியாது, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருபது மடங்குக்கு மேல் கரையும், தவறி ரத்தக்குழாய்க்குள் போனாலும் காற்றைப்போல் குமிழாக நெடுநேரம் நிற்காது. வழக்கமான அழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரசம். 8 முதல் 10 வரை வைத்தால் தோள்வலி குறைகிறது, ஆனால் இடம் குறுகுகிறது. பருமனான உடம்பிலும் அழற்சி முற்றிய பித்தப்பையிலும் அந்தச் சிக்கனம் ஆபத்தாக முடியலாம். வாயு ஏறும்போது உறை இழுபட்டு இதயத்துடிப்பு திடீரென இறங்குவது உண்டு. முதலில் செய்ய வேண்டியது வாயுவைத் திறந்து விடுவது, பிறகுதான் மருந்து. மயக்க மருத்துவர் 'அழுத்தத்தை இறக்குங்கள்' என்றால் அந்த நொடியே இறக்கும் அரங்கம் நல்ல அரங்கம். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு சட்டென்று சரிந்து ரத்த அழுத்தமும் விழுந்தால் ரத்தக்குழாய்க்குள் புகுந்த வாயு அடைத்திருக்கலாம். உடனே வாயுவை நிறுத்தி, வெளியேற்றி, இடப்பக்கமாகத் தலைதாழ்த்திச் சாய்க்க வேண்டும்.

கேமரா விஷயத்தில் திரையின் பளபளப்பில் மயங்க வேண்டாம். 30 டிகிரி சாய்ந்த டெலஸ்கோப் இருந்தால் அதே துளையிலிருந்து உறுப்பின் பக்கவாட்டையும் பார்க்கலாம். 0 டிகிரி நேரே இருப்பதை மட்டும் காட்டும். வெள்ளை நிறத்தைச் சரிசெய்யாமல் தொடங்கினால் பித்தத்துக்கும் ரத்தத்துக்கும் நிறம் குழம்பும். குளிர்ந்த லென்ஸ் வெதுவெதுப்பான வயிற்றில் பனிமூட்டம் போல் மங்கும், வெந்நீர்க் குடுவை பக்கத்திலேயே இருக்க வேண்டும். எரியும் ஒளிக்கேபிளைக் கழற்றித் துணிமேல் போட்டால் துணி கருகும், அடியில் இருக்கும் தோலும் வேகும். கேபிளைக் கழற்றும் முன் விளக்கை அணைப்பது பழக்கமாகவே ஆகிவிட வேண்டும்.

மின்சாரம்தான் கண்ணில் படாத எதிரி. மின்சூட்டால் திசுவை வெட்டும் டையதெர்மிக் கொக்கியின் நீளத்தில் மிகச் சிறு பகுதியே திரையில் தெரிகிறது. மீதித் தண்டு திரைக்கு வெளியே குடலை ஒட்டிக் கிடக்கும். அதன் காப்புறையில் ஊசிமுனை அளவு விரிசல் இருந்தால் மின்சாரம் அந்த இடத்தில் குடலுக்குப் பாயும். உலோகக் குழலைப் பிளாஸ்டிக் வளையத்தால் பொருத்தும் கலப்பு டிரோகாரில் (கருவிகள் உள்ளே போகத் துளையில் செருகும் குழல்) இன்னொரு கோளாறு உண்டு. தண்டிலிருந்து தாவும் மின்சாரம் வயிற்றுச் சுவர் வழியாகப் பரவி வெளியேற முடியாமல் குழலில் தேங்கி, குடலில் இறங்கும். முழு உலோகம் அல்லது முழுப் பிளாஸ்டிக் என்று ஒரே பொருளாலான டிரோகாரைக் கேட்டு வாங்குங்கள். திசுவைத் தொடாமல் அந்தரத்தில் மின்சாரப் பெடலை மிதிக்கக் கூடாது. அல்ட்ராசோனிக் கத்தியில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை என்று நிம்மதி கொள்பவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதன் தகடு வேலை முடிந்த பின்னும் பல விநாடிகள் சுடும். அதே முனையால் குடலை ஒதுக்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து அந்த இடம் உதிர்ந்து ஓட்டையாகும்.

பித்தப்பை: இந்த முறையின் உச்சமும் பாடமும்

1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே முதன்முதலாக லேப்ராஸ்கோப் வழியே பித்தப்பையை எடுத்தார். இன்று கல் உள்ள பித்தப்பைக்கு இதுவே முதல் தேர்வு. அதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் இந்த முறை பரவிய ஆண்டுகளில், கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளம் வெட்டுப்படுவது, திறந்த அறுவையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டாக இருந்தது, ஆயிரத்தில் நாலைந்தாக ஏறியது. அந்தக் காயம் பட்டவருக்குக் குடலை மேலே கொண்டுவந்து கல்லீரலோடு இணைக்கும் பெரிய அறுவை தேவைப்படும். அதன் பிறகும் நாளம் சுருங்குவதும் மஞ்சள் காமாலையும் குளிர்சுரமும் ஆண்டுக்கணக்கில் துரத்தலாம்.

ஏன் அப்படி நடக்கிறது? பெரும்பாலும் கை தவறுவதில்லை, கண்தான் ஏமாறுகிறது. பித்தப்பையின் கழுத்தை மேல்நோக்கி இழுத்தால் பித்தப்பை நாளமும் பொதுப் பித்தநாளமும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடும். திரையில் ஒரே குழாயாகத் தெரியும். மருத்துவர் 'இதுதான் பித்தப்பை நாளம்' என்று நம்பிப் பொதுநாளத்தின் கீழ்ப்பகுதியைக் கிளிப் போட்டு வெட்டுவார். மேலே போகப் போக இன்னொரு குழாய் குறுக்கே வரும். அதை 'துணை நாளம்' என்று நினைத்து அதையும் வெட்டுவார். உண்மையில் அது கல்லீரலிலிருந்து இறங்கும் பெருநாளம். வலக் கல்லீரல் தமனியும் பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் சேர்ந்தே அடிபடும். தடுக்கும் முதல் வழி இழுக்கும் திசை: பித்தப்பையின் உச்சியை வலது தோளை நோக்கித் தள்ள வேண்டும், கழுத்தை வலப்புறம் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு நாளங்களுக்கும் நடுவே கோணம் விரியும்.

இரண்டாவது வழியை 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க் வரையறுத்தார். கிளிப் போடும் முன் மூன்று விஷயம் கண்ணில் தெரிய வேண்டும். பித்தப்பை நாளத்துக்கும் கல்லீரல் நாளத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே இருக்கும் முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் முழுக்க நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதி, மூன்றில் ஒரு பங்காவது, கல்லீரல் படுகையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் நுழைபவை இரண்டே இரண்டு: ஒரு நாளம், ஒரு தமனி. முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலிருந்தும் இதைப் பார்த்து, ஒரு நிமிடம் கையை நிறுத்தி, படம் எடுத்து வைத்த பிறகே கிளிப். ஓர் அறுவை அரங்கின் தரத்தை ஒரே கேள்வியில் அறிய வேண்டுமென்றால் நாங்கள் கேட்பது இதைத்தான்: 'கிளிப்புக்கு முந்தைய படத்தை எடுத்து வைக்கிறீர்களா?' பொதுநாளத்தில் கல் இருக்குமோ, உடற்கூறு விசித்திரமாக இருக்கிறதோ என்ற ஐயம் வந்தால் சாயம் ஏற்றி எக்ஸ்-ரே எடுப்பார்கள், அல்லது முன்கூட்டியே இன்டோசயனின் பச்சை என்ற சாயத்தைச் செலுத்தி அகச்சிவப்புக் கேமராவில் நாளம் ஒளிர்வதைப் பார்ப்பார்கள். பச்சை நல்ல துணைதான். ஆனால் தடித்த அழற்சிக்கு உள்ளே அது ஒளிராமல் போகலாம், அப்போது 'ஒளிரவில்லை, ஆகவே நாளம் இங்கே இல்லை' என்று படிக்கக் கூடாது.

மூன்று விஷயமும் தெரியவில்லை, பித்தப்பை கல்லாய் இறுகிக் கிடக்கிறது. அப்போது என்ன செய்கிறார்கள் என்பதில்தான் தேர்ந்த கை தெரியும். பித்தப்பையைத் திறந்து, கல்லை எடுத்து, கழுத்துப் பகுதியை அப்படியே விட்டுவிடும் பகுதி நீக்கம் ஒரு வழி. டிரெயின் குழாய் வைத்துவிட்டு வெளியே வருவது இன்னொன்று. வயிற்றைத் திறப்பது மூன்றாவது. மூன்றும் கௌரவமான முடிவுகளே. 'திறக்க வேண்டியதாயிற்று' என்று கேட்டதும் உறவினர்கள் ஏதோ தோற்றுவிட்டது போலப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒருவர் மேலே வெட்டிக்கொண்டு போவதுதான் உண்மையான விபத்து. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே 'திறக்க நேரலாம்' என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

சின்ன வேலைகளிலும் கவனம் வேண்டும். நாளத்தில் நோயாளிப் பக்கம் இரண்டு கிளிப், எடுக்கும் பக்கம் ஒன்று. நாளம் தடிமனாக இருந்தால் கிளிப் முழுக்க மூடாது, முடிச்சுக் கண்ணியோ பூட்டும் கிளிப்போ வேண்டும். பித்தப்பை கிழிந்து கல் சிதறினால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்க வேண்டும். விட்டுப்போன கல் மாதங்கள் கழித்துச் சீழ்க்கட்டியாகத் திரும்பி வரும். சீழ் பிடித்த பித்தப்பையோ புற்று என்ற சந்தேகம் உள்ளதோ தனி உறையில் போட்டுத்தான் வெளியே வர வேண்டும், வெறுமனே தொப்புள் வழியே உருவக் கூடாது. 10 மி.மீ. மற்றும் அதற்கு மேலான துளையில் தசையுறையைத் தைக்க வேண்டும், தோலை மட்டும் ஒட்டி அனுப்பினால் அங்கே குடலிறக்கம் வரும். எடுத்த பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

நோயறிதலில் எவ்வளவு?

முன்பு பொதுநாளத்துக் கல்லைக் கண்டுபிடிக்கவே ஈ.ஆர்.சி.பி. செய்தார்கள். வாய்வழி எண்டோஸ்கோப்பை இறக்கி நாள வாயில் சாயம் ஏற்றும் அந்த முறையில் கணைய அழற்சி நூற்றில் மூன்று முதல் பத்துப் பேருக்கு வருகிறது. சிலருக்கு அது உயிரையே கேட்கும். வெறும் படத்துக்காக அந்த விலை கொடுக்கக் கூடாது. பித்தநாளத்தைக் காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் ஊசியும் இல்லை, சாயமும் இல்லை. 5 மி.மீ.க்குக் குறைந்த பொடிக்கல்லை அது தவறவிடலாம், அங்கே எண்டோஸ்கோப் முனையில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கும் முறை கைகொடுக்கும். கல் இருப்பது உறுதியாகி, எடுக்கவும் போகிறோம் என்றால்தான் ஈ.ஆர்.சி.பி. அழற்சியைக் குறைக்க ஆசனவாய் வழியே 100 மி.கி. இண்டோமெதசின் கொடுப்பது எளிய வேலை. அதைக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

லேப்ராஸ்கோப்பைக் கண்டறியும் கருவியாகப் பார்த்தால் அதன் பலம் மேற்பரப்பு. இரைப்பைப் புற்று சுவரைத் துளைத்து வெளியுறை வரை வந்திருந்தால், வயிற்றறை உறையில் தூவிய தினை போன்ற சிறு முடிச்சுகளை ஸ்கேன் காட்டாது, லேப்ராஸ்கோப் காட்டும். உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்த நீரில் புற்றணு தெரிந்தால் அதுவே பரவலுக்குச் சமம். இப்படி முன்கூட்டிப் பார்ப்பதால் பயனில்லாத பெரிய வெட்டிலிருந்து ஒருவர் தப்பிக்கிறார். இந்தப் பயன்பாட்டுக்கு எங்கள் முழு ஆதரவு.

காரணம் தெரியாத வயிற்று நீரிலும் அப்படியே. காசநோயின் வெண்முடிச்சும் புற்றின் வெண்முடிச்சும் திரையில் அண்ணன் தம்பி போலிருக்கும். கண்ணால் தீர்ப்புச் சொல்லாமல் துண்டு எடுக்க வேண்டும். எடுத்த எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஃபார்மலினில் விழுந்த திசுவிலிருந்து கிருமியை வளர்க்க முடியாது. ஒரு பகுதியை ஃபார்மலினிலும் ஒரு பகுதியை உப்புநீரிலும் தனித்தனிக் குப்பியில் பெயரெழுதி அனுப்ப வேண்டும். இது நர்ஸ் மேசையில் அரை நிமிட வேலை. தவறினால் நோயாளிக்கு இன்னொரு அறுவை.

இடப்பக்கக் கீழ்மார்பில் கத்திக்குத்து வாங்கி, ரத்த அழுத்தம் நிலையாக இருப்பவருக்கு உதரவிதானம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க லேப்ராஸ்கோப் அருமையான கருவி. ஸ்கேன் அதைக் கோட்டைவிடுவது உண்டு. ஆனால் கிழிசல் இருந்தால் வயிற்றில் ஏற்றும் வாயு மார்புக்குள் ஏறி நுரையீரலை நசுக்கும், மார்புக் குழாய் தயாராக இல்லாமல் தொடங்கக் கூடாது. அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு லேப்ராஸ்கோப் கூடவே கூடாது. ஏற்கெனவே இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவு, வாயு அதையும் அழுத்தும். கணையத்தின் பின்புறம், கல்லீரலின் உட்புறம், குடல் வளையங்களின் இடுக்கு இவை லேப்ராஸ்கோப்பின் குருட்டுப் புள்ளிகள். 'உள்ளே பார்த்தோம், ஒன்றுமில்லை' என்ற அறிக்கையில் எதையெல்லாம் பார்த்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.

குடல்வால், குடலிறக்கம்

குடல்வாலில் லேப்ராஸ்கோப் நல்லதே. காயத்தில் சீழ் குறைவு, வேறு நோயாக இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். இளம்பெண்களுக்கு இந்த இரண்டாவது பயன் பெரியது, வலி சூலகத்திலிருந்தும் வரலாம். வெடித்த குடல்வாலில் வயிற்றுக்குள் சீழ்க்கட்டி சேரக்கூடும் என்பதால் நீரை ஊற்றி வயிறெங்கும் பரப்பாமல் இருக்கும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பது முக்கியம்.

தொடையிடுக்குக் குடலிறக்கத்தில் இரு பக்கமும் இருப்பவர், முன்பக்க அறுவைக்குப் பின் மறுபடி வந்தவர், பெண்கள் ஆகியோருக்கு லேப்ராஸ்கோப் முறையே பொருத்தம். குடல் இறங்கும் இடத்தை மூட வைக்கும் வலை குறைந்தது 10×15 செ.மீ. இருக்க வேண்டும். சிறு துளையில் நுழைப்பதற்காக வலையைக் கத்தரித்துச் சிறிதாக்கினால் நோய் திரும்ப வரும். முழு மயக்கம் தாங்க முடியாத இதய, நுரையீரல் நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுத் திறந்து செய்வதே உத்தமம்.

புற்றில் கவனம்

பெருங்குடல் புற்றில் 2004-இல் வெளியான ஆய்வு, மூன்றாண்டு முடிவில் நோய் திரும்புவது இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டியது. அந்தச் சந்தேகம் அங்கே தீர்ந்தது. மலக்குடலில் அவ்வளவு சுலபமில்லை. 2015-இல் வந்த இரண்டு ஆய்வுகளில், எடுத்த உறுப்பின் விளிம்புத் தரத்தில் லேப்ராஸ்கோப் திறந்த முறைக்குக் குறையாதது என்று நிறுவ முடியவில்லை. பின்னாளில் நோயின்றி வாழ்ந்த காலத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றாலும், குறுகிய ஆண் இடுப்பெலும்புக்குள் ஆழத்தில் கிடக்கும் கட்டிக்கு இதையே தினமும் செய்யும் கை வேண்டும்.

அதிர வைத்தது கருப்பை வாய்ப்புற்று. ஆரம்ப நிலையில் கருப்பையை முழுமையாக எடுக்கும் அறுவையை ஒப்பிட்ட 2018 ஆய்வில், நாலரை ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், நுண்துளை முறையில் 86 சதவீதம். மூன்றாண்டு உயிர்வாழ்வு 99-க்கு 93.8. ரோபோவும் இதில் அடக்கம். கருப்பையைக் குத்திப் பிடிக்கும் கருவி, வெட்டும்போது கட்டி வயிற்றறைக்குத் திறந்துபோவது என்று காரணங்களைச் சந்தேகிக்கிறார்கள். எதுவானாலும் இந்த நோய்க்கு இன்று திறந்த அறுவையே அடிப்படைத் தேர்வு. 'சின்னத் தழும்போடு முடித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டிக் கேளுங்கள்.

கருப்பை நார்க்கட்டியை உள்ளேயே துருவித் துண்டாக்கி எடுக்கும் மோர்செல்லேட்டருக்கும் இதே எச்சரிக்கை. நார்க்கட்டி என்று நினைத்து அறுவை செய்துகொள்ளும் பெண்களில் ஏறக்குறைய 350 பேரில் ஒருவருக்கு ஒளிந்திருக்கும் சார்கோமா என்ற புற்று இருக்கலாம் என்று 2014-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. துருவினால் அது வயிறெங்கும் விதைபோல் சிதறும்.

ரோபோ பற்றிச் சுருக்கமாக: மணிக்கட்டு போல் வளையும் கருவி, நடுக்கம் வடிகட்டிய அசைவு, முப்பரிமாணக் காட்சி. ஆழமான இடுப்பில் தையல் போட உண்மையிலேயே சுகம். ஆனால் மலக்குடல் அறுவையில் திறக்க நேரும் விகிதத்தை ஒப்பிட்ட 2017 ஆய்வில் சாதாரண லேப்ராஸ்கோப்பில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1 சதவீதம். புள்ளியியல்படி அந்த இடைவெளி உறுதியாகவில்லை. சாதாரணப் பித்தப்பைக்கு ரோபோ தேவையில்லை என்பதே எங்கள் எண்ணம். தொப்புளில் ஒரே துளை முறையில் அழகு கூடுகிறது, தொப்புள் குடலிறக்கமும் கூடுகிறது.

கழுவும் அறை

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்க்காத இடம் இதுதான். லேப்ராஸ்கோப் கருவி நீண்ட மெல்லிய குழல். உள்ளே ரத்தமும் கருகிய திசுவும் ஒட்டினால் வெளியே துடைப்பதால் போகாது. கைப்பிடி, வெளிக்குழல், உட்தண்டு என்று கழற்றி, என்சைம் நீரில் ஊறவைத்து, குழலுக்குள் தூரிகை விட்டு, அல்ட்ராசோனிக் தொட்டியில் ஆட்டி, அலசி, முழுக்கக் காயவைத்து, அதன் பிறகே நீராவி. 134 டிகிரி சூட்டைத் தாங்கும் கருவியை நீராவியில்தான் வைக்க வேண்டும். அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்று 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் இருபது நிமிடம் முக்கி எடுத்தால் கிடைப்பது உயர்நிலைக் கிருமி நீக்கம் மட்டுமே. முழுக் கிருமியழிப்புக்கு அதே திரவத்தில் பத்து மணி நேரம் வேண்டும். பிறகு அதைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்ததெல்லாம் வீண்.

அதன் விளைவு எப்படித் தெரியும் தெரியுமா? காயம் நன்றாக ஆறிவிடும். மூன்று, நாலு வாரம் கழித்துத் தழும்பு சிவக்கும், அடியில் கெட்டியான முடிச்சு வரும், பிறகு அது உடைந்து தண்ணீர் போன்ற திரவம் கசியும். வழக்கமான ஆண்டிபயாடிக் எதற்கும் அடங்காது. தண்ணீரில் வாழும் காசநோய்க் குடும்பத்துக் கிருமிகளே காரணம். குணமாக மாதக்கணக்கில் வேறு மருந்துக் கூட்டு வேண்டும், சிலருக்கு அந்தப் பாதையையே வெட்டி எடுக்க வேண்டும். தழும்பு தாமதமாகச் சிவந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல், திரவத்தை எடுத்து 'காசநோய் வகைக் கிருமிக்கும் பாருங்கள்' என்று குறிப்போடு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரே மருத்துவமனையில் இப்படி இரண்டாவது ஆள் வந்துவிட்டால் கோளாறு கழுவும் அறையில் இருக்கிறது. நோயாளியின் உடம்பையோ சர்க்கரையையோ குறை சொல்வதை நிறுத்திவிட்டுத் தொட்டியையும் தண்ணீரையும் பரிசோதிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

தோள்பட்டை வலி ஓரிரு நாள் இருக்கும். மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, தானே போய்விடும். அறுவையின் முடிவில் வாயுவை நன்றாக வெளியேற்றிவிட்டால் அதுவும் குறையும். துளை வலியும் நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இறங்காமல் ஏறினால்தான் விழித்துக்கொள்ள வேண்டும். லேப்ராஸ்கோப்பில் பட்ட குடல் காயம் புத்தகத்தில் படித்தது போல் கடும் சுரத்தோடும் கல்லாய் இறுகிய வயிற்றோடும் வராமல் போகலாம். சுரமே இல்லாமல், ஒரே ஒரு துளையைச் சுற்றி மட்டும் வலி, வயிற்று உப்பசம், லேசான வயிற்றுப்போக்கு, வேகமான நாடித்துடிப்பு, 'ஏதோ சரியில்லை' என்ற முகம் என்றும் வரும். பித்தப்பை எடுத்தவர் 48 மணி நேரத்தில் எழுந்து நடந்து சாப்பிடாமல் படுக்கையிலேயே கிடந்தால், இல்லை என்று நிரூபிக்கும் வரை பித்தக் கசிவு என்றே எடுத்துக்கொண்டு ஸ்கேன் செய்ய வேண்டும். நாளத்தின் அடிக்கட்டையிலிருந்து வரும் கசிவுதான் பெரும்பாலும். சீக்கிரம் பிடித்தால் ஒரு டிரெயினும் ஈ.ஆர்.சி.பி. ஸ்டென்ட்டும் போதும்.

'வாயு வலிதான், சரியாகிவிடும்' என்று தொலைபேசியில் சொல்லி அனுப்பிவிடுவது இந்தச் சேவையில் நாங்கள் காணும் மிகப் பெரிய குறை. ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டை மடித்துப் பையில் வைக்கும் முன் மூன்று விஷயம் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: எதைச் செய்தார்கள், திசு அறிக்கை எந்தத் தேதியில் வரும், ராத்திரி இரண்டு மணிக்கு வலி ஏறினால் எந்த எண்ணை அழைக்க வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.